புதுக்கோட்டைக் குன்றக் கோயில்கள்

திருச்சிராப்பள்ளியிலிருந்து தெற்கு நோக்கிப் புதுக்கோட்டைக்குச் செல்வோர், கீரனூரைக் கடந்து சிறிது தொலைவு சென்றதும் மேற்றிசையில் ஓர் அரிய காட்சியைக் காண்பர். வயலும், வானம் பார்த்த புன்செயும், ஏரிக்கரைப் பனைகளுமாகப் பரந்து கிடக்கும் நிலத்தின் நடுவே, கரும்பாறைக் குன்றுகள் பல ஒன்றையடுத்து ஒன்றாய் எழுந்து நிற்கும். அவை முகில் தவழும் நெடுமலைகள் அல்ல. அருவி வீழும் சோலை மலைகளும் அல்ல. மரஞ் செடிகள் மிகுதியாக இல்லாத மொட்டைப் பாறைகளே அவை. தொலைவிலிருந்து காண்போர்க்கு அவை படுத்துறங்கும் யானைக் கூட்டம் போலத் தோன்றும்.

வளம் குன்றிய அப்பாறைகளைக் கண்டு, 'இங்குக் காண்பதற்கு யாது உளது?' என்று எண்ணிச் செல்வோர் பலர். ஆயின், தமிழகத்தின் பழைய வரலாற்றை அறிய விரும்புவோர்க்கு அக்குன்றுகள் விலைமதிப்பற்ற கருவூலங்கள் ஆகும். சமணத் துறவிகள் கிடந்து தவம் செய்த கற்படுக்கைகள் அங்கே உள்ளன. சிவபெருமானுக்கும் திருமாலுக்கும் எடுக்கப்பெற்ற குடைவரைக் கோயில்களும் கற்றளிகளும் அங்கே உள்ளன. ஓவியம் உண்டு, சிற்பம் உண்டு, இசையைக் கல்லில் எழுதி வைத்த விந்தையும் உண்டு. பல்வேறு நெறியினர் ஒரே குன்றின் நிழலில் வாழ்ந்து வழிபட்ட இடங்கள் அவை.

புதுக்கோட்டை 1948-ஆம் ஆண்டு வரை தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியில் தனிச் சமஸ்தானமாக இருந்தது. பின்னர்த் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தோடு இணைக்கப்பட்டது. 1974-ஆம் ஆண்டில் அது தனி மாவட்டம் ஆயிற்று. அம்மாவட்டத்துக் குன்றுகளுள் நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை, திருமெய்யம் என்னும் நான்கும் சிறப்பு மிக்கவை. அவற்றை முறையே கண்டு வருவோர், கலையழகோடு மற்றோர் உண்மையையும் அறிந்து திரும்புவர்.

நார்த்தாமலை

புதுக்கோட்டைக்கு வடக்கே ஏறத்தாழ 17 கிலோமீட்டர் தொலைவில் நார்த்தாமலை உள்ளது. 'நகரத்தார் மலை' என்பதே நார்த்தாமலை என மருவிற்று என்பர். 'நகரம்' என்பது பண்டை நாளில் வணிகர் அவைக்கு வழங்கிய பெயர். நாடு பல கடந்து வாணிகம் செய்த வணிகர் குழுவினர் இவ்வூரில் செல்வாக்கோடு வாழ்ந்தமையை இங்குள்ள கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன.

நார்த்தாமலை என்பது ஒரு மலையன்று. பல குன்றுகளின் தொகுதி. மேலமலை, கோட்டைமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை, பொம்மைமலை, பொன்மலை என அவை தனித்தனிப் பெயர் பெறும். அவற்றுள் மேலமலை மீது ஏறுவோர் சரிந்து செல்லும் வெறும் பாறை மீதே நடந்து செல்லுதல் வேண்டும். நண்பகலில் அப்பாறை அடி வைக்க இயலாதபடி கொதிக்கும். ஆதலின் காலையிலோ மாலையிலோ ஏறுதல் நலம். வழியில் பாறைக் குழியில் நீர் நிறைந்த சுனை ஒன்று உண்டு. அச்சுனையின் நீருக்கு அடியில் பாறையைக் குடைந்து அமைத்த சிறு கோயில் ஒன்றும், அதனுள் சிவலிங்கமும் உள்ளன. நீரை முற்றும் இறைத்தாலன்றி அதனைக் காண இயலாது.

சுனையைக் கடந்து சிறிது மேலே சென்றதும் பாறை சமதளமாக விரிகின்றது. அவ்விடத்தில், எதிரே பரந்த வெளியை நோக்கி, மேற்கு முகமாக நிற்கிறது விசயாலய சோழீச்சுரம் என்னும் கற்றளி. அது கி. பி. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் கருவறை உள்ளே வட்ட வடிவாகவும், அதனைச் சூழ்ந்த புறச்சுவர் சதுரமாகவும் அமைந்துள்ளன. இரண்டுக்கும் இடையே வலம் வருதற்குரிய குறுகிய வழி உண்டு. விமானத்தின் கீழ்நிலைகள் சதுரமாக எழுந்து, மேலே கழுத்தும் சிகரமும் வட்டமாக முடிகின்றன. சதுரம் வட்டமாக மாறும் அவ்வமைப்பு கண்ணுக்கு இனிமை பயப்பது. பெருங்கோயிலைச் சுற்றிச் சிறு கோயில்கள் சில நிற்கின்றன. முற்காலத்தில் எட்டாக இருந்த அவற்றுள் இன்று ஆறே எஞ்சியுள்ளன.

சோழப் பேரரசுக்கு அடிகோலிய விசயாலயன் பெயரால் இக்கோயில் வழங்கினும், இதனை எடுப்பித்தவர் வேறொருவர் என்பது இக்கோயிலின் கல்வெட்டால் புலனாகின்றது. சாத்தன் பூதி என்னும் இளங்கோவதியரையர் இக்கற்றளியை எடுப்பித்தார் என்றும், மழை இடித்து அது அழிந்தபோது மல்லன் விடுமன் என்னும் தென்னவன் தமிழதியரையன் அதனைப் புதுக்கினார் என்றும் அக்கல்வெட்டு கூறுகிறது. இருவரும் பேரரசர் அல்லர். அந்நாளில் இப்பகுதியில் வாழ்ந்த தலைவர்கள். ஒருவர் எடுப்பித்தார், மற்றொருவர் புதுக்கினார். எடுப்பித்தவர் பெயரோடு புதுக்கியவர் பெயரும் ஒரே கல்லில் ஒருங்கே இடம் பெற்றது கருதத்தக்கது. மல்லன் விடுமன் அன்று வாளா இருந்திருப்பின், இன்று மேலமலையில் இடிந்த கற்குவியலே எஞ்சியிருக்கும்.

விசயாலய சோழீச்சுரத்திற்கு எதிரே, செங்குத்தாக எழுந்த பாறையில் இரண்டு குடைவரைகள் உள்ளன. கட்டடக் கோயிலில் கல் ஒன்று உடைந்தால் வேறு கல் வைத்துக் கட்டலாம். குடைவரையில் அதற்கு இடமில்லை. உளி ஒருமுறை தவறினாலும் தவறு தவறாகவே நிற்கும். கருங்கல்லில் இத்தகைய கோயில்களைக் குடைந்த தச்சரின் பொறுமையை இதனால் ஒருவாறு உணரலாம்.

அவ்விரண்டனுள் சிறியது பழியிலி ஈச்சுரம். பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்தில், முத்தரையர் குலத்தவனாகிய சாத்தன் பழியிலி என்பவன் இதனைக் குடைவித்தான். முகமண்டபமும் நந்தியும் பலிபீடமும் பின்னர் அமைக்கப்பெற்றன. அவன் மகள் பழியிலி சிறிய நங்கை கோயிலுக்கு நிலம் அளித்தாள். தந்தை தொடங்கிய அறத்தை மக்கள் வளர்த்த வரலாறு இது.

மற்றொன்று பெரியது. அதன் கருவறையில் சிவலிங்கம் இல்லை. முன்மண்டபத்தின் சுவரில் ஆள் உயரமுள்ள திருமால் உருவங்கள் பன்னிரண்டு, ஒன்றைப்போல் ஒன்றாக வரிசையாய் நிற்கின்றன. சங்கும் ஆழியும் ஏந்தி அமைதி ததும்ப நிற்கும் அவ்வுருவங்களின் முன் நிற்போர் தம்மை மறப்பர். முன்னுள்ள மேடையின் அடித்தளத்தில் யானைகளும் யாளிகளும் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. இக்கோயிலைப் 'பதினெண்பூமி விண்ணகரம்' என்று கல்வெட்டு குறிக்கின்றது. விண்ணகரம் என்பது திருமால் கோயில். ஆயினும், ஊர் மக்கள் இதனைச் 'சமணர் குடகு' என்றே இன்றும் அழைக்கின்றனர். குடகு என்றால் குகை. முதலில் சமணப் பள்ளியாக இருந்த இடமே பின்னாளில் திருமால் கோயிலாக மாறியது என்று அறிஞர் கருதுகின்றனர். கருவறையில் வழிபடப்பெற்ற உருவம் மாறியது. கோயிலின் பெயரும் கல்வெட்டில் மாறியது. ஆனால், பழைய பெயரை மக்கள் நாக்கு மறக்கவில்லை. கல் இழந்த வரலாற்றை வாய்ச்சொல் காத்து வந்திருக்கிறது.

சமணம் அத்துடன் இப்பகுதியை விட்டு நீங்கிவிடவில்லை. அண்மையிலுள்ள ஆளுருட்டிமலையில் தீர்த்தங்கரர் உருவங்கள் பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. கனகசந்திர பண்டிதர், அவர் மாணாக்கர் தருமதேவ ஆசாரியர் என்னும் சமண ஆசிரியர்களின் பெயர்களை அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. அது கி. பி. 13-ஆம் நூற்றாண்டில் ஆண்ட மாறவர்மன் சுந்தர பாண்டியன் காலத்தது. ஒரு குன்றில் சிவனுக்கும் திருமாலுக்கும் வழிபாடு நடக்க, அடுத்த குன்றில் அருகனுக்கு வழிபாடு நடந்தது.

சித்தன்னவாசல்

நார்த்தாமலைக்குத் தென்மேற்கே, புதுக்கோட்டையினின்று ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், அன்னவாசல் செல்லும் வழியில் சித்தன்னவாசல் உள்ளது. அண்ணல்வாயில் என்பது அன்னவாசல் ஆயிற்று. சிற்றண்ணல்வாயில் என்பது சித்தன்னவாசல் ஆயிற்று என்பர்.

இக்குன்றின் உச்சியை அடைந்து, மறுபுறம் சிறிது இறங்கிச் செல்வோர் இயற்கைக் குகை ஒன்றைக் காண்பர். அதற்கு 'ஏழடிப்பட்டம்' என்று பெயர். குகையை அடைவதற்குப் பாறையில் வெட்டப்பட்ட ஏழு படிக்குழிகளே அப்பெயருக்குக் காரணம். ஒருபுறம் பாறைச் சுவர். மறுபுறம் ஆழ்ந்த சரிவு. கால் தவறாது செல்லுதல் வேண்டும். இன்று கம்பித் தடுப்பு அமைக்கப்பட்டுள்ளமையால் அச்சம் சிறிது நீங்கும். உள்ளே குனிந்துதான் நுழைய வேண்டும். அங்கே தரையில் பதினேழு கற்படுக்கைகள் வழவழப்பாகத் தேய்க்கப்பட்டுக் காணப்படுகின்றன. தலைப்பக்கம் சற்றே உயர்ந்து தலையணை போல் அமைந்திருக்கும். உலகப் பற்றை ஒழித்த சமணத் துறவிகள் இப்படுக்கைகளில் கிடந்து உண்ணா நோன்பும் ஊழ்கமும் மேற்கொண்டனர். மேலே பாறை, கீழே பாறை, எதிரே நெடுவெளியும் வானமும். அவர்கள் உலகத்தாரிடம் வேண்டியது அவ்வளவே.

படுக்கைகளுள் பெரியதன் அருகே தமிழ்ப் பிராமி எழுத்தில் அமைந்த கல்வெட்டு உள்ளது. அது கி. மு. முதல் நூற்றாண்டை ஒட்டியது; தமிழ் மொழியின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்று. எருமை நாட்டிற் பிறந்த துறவி ஒருவர்க்கு இவ்விருக்கை செய்து அளிக்கப்பட்டது என்பது அதன் கருத்து. எருமை நாடு என்பது மைசூரை அடுத்த பகுதி என்பர். எங்கோ பிறந்து, கால்நடையாக இங்கு வந்து சேர்ந்த துறவி ஒருவர்க்கு, இந்நாட்டார் படுத்துறங்க இடம் செய்து கொடுத்த செய்தி இரண்டாயிரம் ஆண்டுகளாக அழியாமல் நிற்கிறது. மற்றப் படுக்கைகள் சிலவற்றில், பல நூற்றாண்டுகட்குப் பின்னர் இங்குத் தவம் செய்த துறவிகளின் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன.

இக்குன்றிலும் நாவல் மரத்தின் பெயரால் வழங்கும் நாவற்சுனை என்னும் சுனை உண்டு. அதன் நீருக்குள்ளும் சிவலிங்கம் அமைந்த குடைவரை ஒன்று மறைந்திருக்கிறது. அருகன் கோயிலால் பெயர் பெற்ற குன்றிலும் சிவனுக்கு இடம் இருந்தது.

குன்றின் மேற்குச் சரிவில் உள்ளது அறிவர் கோயில். அறிவர் என்பது அருகதேவரைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். பாறையைக் குடைந்து அமைத்த சிறு கருவறையும், அதன் முன்னே ஒரு மண்டபமும் உடையது இக்கோயில். கருவறை ஏறத்தாழ 9 அடிச் சதுரம். அதன் பின்சுவரில் மூன்று உருவங்கள் அமர்ந்த நிலையில் உள்ளன. முக்குடை நிழலில் வீற்றிருக்கும் இருவர் தீர்த்தங்கரர். ஒற்றைக் குடையின் கீழ் இருப்பவர் ஆசாரியர். முன்மண்டபத்தின் ஒருபுற மாடத்தில் ஐந்தலை நாகம் குடை பிடிக்கப் பார்சுவநாதர் வீற்றிருக்கிறார்; மறுபுற மாடத்தில் ஆசாரியர் ஒருவர் உருவம் உள்ளது. கருவறையின் நடுவே நின்று வாய் மூடி மெல்ல ஒலி எழுப்பினால், அவ்வொலி நாற்புறமும் மோதி முரலும். அதனைக் கேட்போர் உள்ளம் தானே அடங்கும்.

இக்கோயிலின் புகழுக்கு முதற்காரணம் இதன் ஓவியங்களே. பாறையின் மீது சுண்ணச் சாந்து பூசி, அதன் மேல் கரி, காவிக்கல் முதலியவற்றால் ஆக்கிய வண்ணங்களைக் கொண்டு தீட்டப்பட்டவை அவை. முன்மண்டபத்தின் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் தோன்றுகிறது. குளம் முழுவதும் அகன்ற இலைகள்; அவற்றினூடே அரும்பும் போதும் மலருமாகத் தாமரைகள். மீன்கள் துள்ளுகின்றன, அன்னங்கள் நீந்துகின்றன, எருமைகள் நீரில் திளைக்கின்றன, யானைகள் தண்டைப் பறிக்கின்றன. குளத்தில் இறங்கி மலர் கொய்யும் மூவரும் அங்கே உளர். அவர்தம் முகத்தில் காணப்படும் அமைதி, அவர்கள் தமக்காக மலர் பறிக்கவில்லை என்பதை உணர்த்தும். அருகதேவர் அறவுரை கூறும் சமவசரணம் என்னும் அவையை அடைவோர் வழியில் கடந்து செல்லும் நீர்நிலையே இக்குளம் என்று அறிஞர் விளக்குவர். தூண்களில் ஆடல் மகளிர் இருவர் உருவங்கள் உள்ளன. வளைந்த இடையும் நீண்ட கையும் மெல்லிய கோடுகளால் வரையப்பட்டு, அசைவது போலவே தோன்றும். மற்றொரு தூணில் முடியணிந்த அரசன் உருவமும், அருகே அரசி உருவமும் காணப்படுகின்றன.

இவ்வோவியங்கள் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தவை என்று ஒரு காலத்தில் கருதப்பட்டது. கோயிலின் வெளிப்புறப் பாறையில் உள்ள தமிழ்க் கல்வெட்டைப் படித்தறிந்த பின்னர் அக்கருத்து மாறிற்று. மதுரையைச் சேர்ந்த இளங்கௌதமன் என்னும் சமண ஆசிரியர், பாண்டிய மன்னன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், இக்கோயிலின் உள்மண்டபத்தைப் புதுக்கி, முன்னே முகமண்டபம் ஒன்றையும் எடுத்தார் என்பது அக்கல்வெட்டின் செய்தி. அம்மன்னன் கி. பி. 9-ஆம் நூற்றாண்டில் ஆண்டவன். ஆகவே, இன்று காணப்படும் ஓவியங்கள் அந்நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பது இன்றைய அறிஞர் பலரின் துணிபு. நார்த்தாமலையில் சிவன் கோயிலைக் குறித்து வந்த 'புதுக்கு' என்னும் சொல்லே இங்கு அருகன் கோயிலைக் குறித்தும் வந்து நிற்கின்றது.

இளங்கௌதமன் எடுத்த முகமண்டபம் காலப்போக்கில் இடிந்து போயிற்று. மழையும் வெயிலும் ஓவியங்களைத் தாக்கின. புதுக்கோட்டைச் சமஸ்தான ஆட்சியின்போது, இருபதாம் நூற்றாண்டில், கோயிலின் முன்னே மீண்டும் ஒரு தூண் மண்டபம் அமைக்கப்பட்டது. அதற்குரிய தூண்கள் புதியனவாகச் செதுக்கப்படவில்லை. குடுமியான்மலையில் சிதைந்து கிடந்த மண்டபத்தினின்று கொண்டு வரப்பட்டவை. சிவன் உறையும் ஊரிலிருந்து வந்த தூண்கள் இன்று அருகன் கோயிலுக்கு நிழல் தந்து நிற்கின்றன.

குடுமியான்மலையும் திருமெய்யமும்

அத்தூண்கள் புறப்பட்ட குடுமியான்மலை, புதுக்கோட்டைக்கு மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. குன்றின் அடியில் சிகாநாதர் கோயில் பரந்து கிடக்கிறது. அதன் மண்டபத் தூண்களில் உள்ள சிற்பங்கள் உயிர் பெற்றெழுந்து வருவன போல் விளங்கும். குன்றின் மேற்பாறையில் அறுபத்து மூன்று நாயன்மார் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன.

பெருங்கோயிலுக்குப் பின்னே குன்றைக் குடைந்து அமைத்த மேலைக்கோயில் உள்ளது. அதன் அருகே சரிந்த பாறையில் பல்லவ கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டுள்ளது புகழ் பெற்ற இசைக் கல்வெட்டு. எழுத்தமைதி கொண்டு அதனைக் கி. பி. 7-ஆம் நூற்றாண்டினது என்பர். ஏழு பண்களுக்குரிய சுர வரிசைகள் அதில் பகுதி பகுதியாக எழுதப்பட்டுள்ளன. உருத்திராசாரியரின் மாணாக்கனும் சிவனடியானுமாகிய அரசன் ஒருவன், இசை பயிலும் மாணவர் நலம் கருதி இதனை அமைத்தான் என்று அக்கல்வெட்டின் முடிவுரை கூறுகிறது. பனையோலையில் எழுதியதைச் செல் அரிக்கும். வாய்வழிப் பாடம் மறக்கும். மாணவர்க்கு எக்காலத்தும் உதவ வேண்டும் என்று கருதியே அவன் கல்லைத் தேர்ந்தான் போலும்!

ஆயின், கல்லில் எழுதியதும் காப்பார் இல்லையேல் நில்லாது என்பதற்குத் திருமெய்யம் சான்றாகும். புதுக்கோட்டைக்குத் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், கோட்டை சூழ்ந்த குன்று ஒன்றின் அடியில், சிவனுக்கும் திருமாலுக்கும் இரு குடைவரைகள் ஒரே பாறையில் அடுத்தடுத்து அமைந்துள்ளன. பள்ளிகொண்ட திருமாலின் பேருருவம் காண்போர் கண்களை அகல விடாது. ஒரே பாறையைப் பகிர்ந்து கொண்ட இவ்விரு கோயிலார்க்கும் இடையே ஒரு காலத்தில் நிலமும் வருவாயும் பற்றிப் பூசல் மூண்டது. வழிபாடே தடைப்படும் நிலை ஏற்பட்டது. 1245-ஆம் ஆண்டில், போசளத் தண்டநாயகர் ஒருவர் முன்னிலையில், பல ஊர்களைச் சேர்ந்த அவையினரும் தலைவர்களும் கூடி, இரு சாராரையும் கேட்டு, வழக்கைத் தீர்த்து வைத்தனர். அத்தீர்ப்பு சிவன் கோயிற் பாறையில் விரிவாக வெட்டப்பட்டது.

வாளை எடுக்காமல் அவை கூட்டி வழக்கைத் தீர்த்தது போற்றத்தக்க செயலே. எனினும், அக்கோயிலில் முன்பே ஓர் இசைக் கல்வெட்டு இருந்தது. அதன் எழுத்துகளுள் பெரும்பகுதி பிற்காலத்தில் செதுக்கி நீக்கப்பட்டுவிட்டது. குடுமியான்மலைக் கல்வெட்டை இன்றும் அறிஞர் படித்து ஆய்கின்றனர். திருமெய்யத்திலோ சில சொற்களே எஞ்சின. அழித்தோர் பகைவரும் அல்லர், அயல்நாட்டாரும் அல்லர். அதன் அருமையை அறியாதாரே அவர். பகைமையால் நேரும் அழிவிலும் அறியாமையால் நேரும் அழிவு சிறிதன்று.

காத்தலும் கடமையே

அறியாமையால் நேரும் அழிவு பழங்காலத்தோடு முடிந்துவிடவில்லை. சித்தன்னவாசல் ஓவியங்களைக் காணச் செல்வோர், அங்கங்கே சாந்து பெயர்ந்து, வண்ணம் மங்கி, வெறும் பாறை தெரிவதைக் கண்டு வருந்துவர். காலத்தின் கை செய்தது ஒரு பகுதி. காண வந்தோர் ஆணியாலும் கரியாலும் தம் பெயர்களைக் கிறுக்கியும், கையால் தேய்த்தும் விளைத்த கேடு மற்றொரு பகுதி. ஓராயிரம் ஆண்டு வாழ்ந்த தாமரை மலர் ஒன்றை ஒரு நொடியில் ஓர் ஆணி அழித்துவிடும். அழிந்த மலரை மீண்டும் தீட்ட, அந்த ஓவியன் வரப்போவதில்லை.

பெயர் எழுதும் ஆசை மனிதர்க்கு இயல்பே. ஆனால், இக்குன்றுகளில் யார் பெயர் நின்றது என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். தாமரைக் குளத்தைத் தீட்டிய ஓவியன் தன் பெயரை அங்கே எழுதவில்லை. பன்னிரு திருமாலைச் செதுக்கிய சிற்பியின் பெயரும் தெரியவில்லை. மல்லன் விடுமன் பெயர் நின்றது, இடிந்த கோயிலைப் புதுக்கியமையால். இளங்கௌதமன் பெயர் நின்றது, சிதைந்த மண்டபத்தைப் புதுக்கியமையால். ஒருவர் சிவன் கோயிலைக் காத்தவர். மற்றொருவர் அருகன் கோயிலைக் காத்தவர். நெறி வேறு, கடமை ஒன்றே.

இக்குன்றக் கோயில்களை இன்று மத்திய அரசின் தொல்லியல் துறையினர் காத்து வருகின்றனர். அவர்தம் காவல் மட்டும் போதாது; காணச் செல்வோர் ஒவ்வொருவரும் காவலர் ஆதல் வேண்டும். ஓவியத்தைத் தொடாது கண்ணால் காணுதல், கல்வெட்டின் மீது மிதியாது விலகி நடத்தல், சுனையில் குப்பை எறியாதிருத்தல், உடன் வருவோர் தவறு செய்யுமிடத்து இன்சொல்லால் தடுத்தல் ஆகியவை எவரும் செய்யக்கூடியவை. கோயிலைப் புதுக்கும் ஆற்றல் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. அதனைக் கெடுக்காமல் விட்டு வரும் பண்பு எல்லார்க்கும் எளிதே.

மாலை வெயில் சாயும் வேளையில், மேற்கு நோக்கிய அறிவர் கோயிலினுள் பொன்னொளி புகும். அப்போது விதானத்துத் தாமரைகள் மீண்டும் மலர்வன போல் தோன்றும். குளத்தில் நிற்கும் மூவரும் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாக மலர் கொய்து கொண்டிருக்கின்றனர். இன்று காணச் செல்வோர் அவர்களை எந்நிலையில் விட்டு வருகின்றனரோ, அந்நிலையிலேயே நாளை வருவோர் காண்பர்.